கரண்ட் பில் பாக்கி, பீஸ் (ஃபியூஸ்) பிடுங்கும் எச்சரிக்கை: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள். வீட்டு இணைப்பானாலும் கடையானாலும் நாலு தறி ஓடும் கூடமானாலும், தாழ்வழுத்த இணைப்புக்கு பில் கட்ட இவ்வளவுதான் அவகாசம். பாக்கியில் மாட்டிக்கொள்கிற பெரும்பாலானவர்கள் 18 நாளைச் சும்மா விட்டுவிட்டு, 19ஆம் நாள் லைன்மேனிடம் "இன்னும் ஒரு வாரம் டைம் குடுங்க" என்று கேட்கிறார்கள். நாளைத் தள்ளிக் கொடுக்கும் அதிகாரம் லைன்மேனுக்கு இல்லை. அவர் கையில் இருப்பது துண்டிக்க வேண்டிய இணைப்புகளின் பட்டியல் மட்டும்தான். அந்தப் பட்டியலில் உங்கள் எண் ஏறுவதற்கு முன்பே, அதைத் தடுக்கக்கூடியவரிடம் எழுத்தில் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

1. எச்சரிக்கை மின் வாரியத்திலிருந்து வந்ததா என்று முதலில் பாருங்கள்

"போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று வந்தால் அது மோசடி. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு, அதனால் "போன மாத பில்" என்ற ஒன்றே கிடையாது. ராத்திரியில் வந்து பீஸ் பிடுங்கும் வழக்கமும் இல்லை.

அழைத்தால், ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், அல்லது சரிபார்க்க 10 ரூபாய் அனுப்பச் சொல்வார்கள். அந்தச் செயலி உங்கள் போன் திரையை அவர்களுக்குக் காட்டும் கருவி. ஓடிபி வரும்போது அவர்களும் அதைப் படிப்பார்கள்.

குறுஞ்செய்தியில் இருக்கும் எண்ணையோ இணைப்பையோ தொடாமல், வாரியத்தின் இணையதளத்தில் நீங்களே உங்கள் மின் இணைப்பு எண்ணைப் போட்டுப் பாக்கியைப் பாருங்கள். அல்லது வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில், 94987 94987 எண்ணில் கேளுங்கள். பணம் போய்விட்டிருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

2. இ.பி. ஆபீஸுக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டியவை

மின் இணைப்பு எண்ணை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம் மண்டலம் (கோவை மண்டலத்துக்கு 03, ஈரோடு மண்டலத்துக்கு 04), பிறகு பிரிவு, பகிர்மானம், கடைசியில் சர்வீஸ் எண். பலர் கடைசி மூன்று நான்கு இலக்கத்தை மட்டும் சொல்லி வேறொருவர் கணக்கில் பணம் கட்டிவிடுகிறார்கள். அதைத் திருப்பிக் கணக்கில் ஏற்ற வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் உங்கள் பீஸ் போயிருக்கும்.

ரீடிங் எழுதும் வெள்ளை அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இணையதளத்தில் கடந்த ஓராண்டின் பில், கட்டிய விவரம் இரண்டையும் அச்செடுங்கள். இன்றைய மீட்டர் ரீடிங்கை தேதியோடு போட்டோ எடுங்கள். மீட்டர் திரையில் பல எண்கள் மாறிமாறி வரும். கிலோவாட் ஹவர் என்ற அலகோடு வரும் எண்தான் யூனிட். தேதி, அதிகபட்ச டிமாண்ட் போன்றவற்றைக் குறித்துக்கொண்டு போய் வாதாடுபவர்கள் உண்டு, அது எடுபடாது.

குடித்தனக்காரர் என்றால் வாடகை ஒப்பந்தமும் வேண்டும். இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், "நீங்கள் யார்" என்றுதான் முதல் கேள்வி வரும்.

3. நாளைக் கணக்குப் போடுங்கள்

கணக்கெடுத்த தேதியோடு 20 நாளைக் கூட்டி, கடைசி நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். மின்சாரச் சட்டம் 2003இன் 56ஆம் பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் முழுதாக 15 நாள் எழுத்து அறிவிப்பு தர வேண்டும் என்கிறது. வழக்கமான பில்லில் இந்த 15 நாள், 20 நாளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதனால் "தனியாக நோட்டீஸ் வரவில்லை" என்ற வாதம் வழக்கமான பில்லுக்கு நிற்காது.

தணிக்கையில் கண்டுபிடித்த குறைவசூல் (முன்பு குறைவாக வசூலித்ததன் மீதி), மீட்டர் பழுதுக்காகப் போட்ட சராசரி போன்ற புதுக் கோரிக்கை திடீரென்று வந்தால் நிலைமை வேறு. அதற்கு எழுத்தில் அறிவிப்பும் கணக்கு விவரமும் கேளுங்கள்.

மனுவைக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். பிரிவு அலுவலகத்தில் கொடுத்தது மேலே போய்த் திரும்பி வர நாள் பிடிக்கும்.

4. பில் தொகை சரியா என்று பாருங்கள்

தவணை கேட்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். தவணை கேட்டு மனு எழுதினால் அந்தத் தொகையை ஒப்புக்கொண்டதாக ஆகும், பிறகு தப்பு என்று சொல்வது கடினம்.

முதல் சோதனை ரீடிங். பில்லில் இருக்கும் கடைசி ரீடிங்கைவிட இன்று மீட்டரில் காட்டும் எண் குறைவாக இருந்தால், ரீடிங் தப்பு. வேறு ஆதாரமே வேண்டாம், போட்டோ போதும்.

இரண்டாவது, இரு கணக்கெடுப்புக்கு நடுவே எத்தனை நாள் என்பது. இதைத்தான் அதிகம் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரையிலான சலுகை விலை போய்விடும், 500க்கு மேலான யூனிட்டுகளுக்கு விலையும் அதிகம். 2024 ஜூலையில் உயர்ந்த வீட்டுக் கட்டணப்படி, 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,124 ரூபாய். பத்தே யூனிட்டுக்கு 319 ரூபாய் வித்தியாசம். ரீடிங் எடுக்க ஒரு வாரம் தாமதமானால் அந்தப் பத்து யூனிட் தானாக ஏறிவிடும். 60 நாளுக்கு மேல் பல நாள் தள்ளி எடுத்திருந்தால், நாள் விகிதத்தில் திருத்தக் கேட்டு எழுதுங்கள்.

மூன்றாவது, கதவு பூட்டு. ஒரு முறை வீடு பூட்டியிருந்து, அடுத்த முறை இரண்டு சுற்றுக்கும் சேர்த்து ரீடிங் எடுத்தால், அதை இரண்டாகப் பிரித்துத்தான் கட்டணம் போட வேண்டும். சுற்றுக்கு 300 யூனிட் ஓடும் வீடு என்று வையுங்கள். பிரித்தால் 705 வீதம் இரண்டு, மொத்தம் 1,410 ரூபாய். பிரிக்காமல் 600 யூனிட்டாகப் போட்டால் 2,880 ரூபாய். பூட்டியிருந்த சுற்றுக்குக் கட்டிய தொகையும் இதில் கழிய வேண்டும். மில் வேலைக்கு ஷிப்ட்டில் போகும் வீடுகளில் பகலில் ஆள் இருப்பதில்லை, இந்தத் தப்பு அங்கேதான் நிறைய வருகிறது. "பாக்கி" என்று பயந்து வருபவர்களில் சிலருக்குப் பிரித்துப் போட்டாலே பாதித் தொகை குறைந்துவிடும்.

நான்காவது, கட்டண வகை. வீட்டு முன்னறையில் கடை வைத்தாலோ, நாலு பவர் மெஷின் போட்டு பனியன் தைத்தாலோ வீட்டுக் கட்டணம் செல்லாது. ஆய்வில் பிடிபட்டால் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். இது சாதாரண பாக்கி அல்ல, வழியும் வேறு. முதலில் வரும் தற்காலிக மதிப்பீட்டுக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். இறுதி உத்தரவு வந்த 30 நாளுக்குள், பாதித் தொகையைக் கட்டி மேல்முறையீடு செய்யலாம். மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் (8ஆம் பகுதியில் வரும்) இதை எடுக்காது.

ஐந்தாவது, பில்லில் தனித்தனி வரிகள். நடப்புக் கட்டணம், பழைய நிலுவை, தாமதக் கட்டணம், வைப்புத்தொகை, குறைவசூல் எல்லாம் ஒரே தொகையாகத் தெரியும். பிரித்துக் கேளுங்கள். எதற்கு எவ்வளவு என்று தெரியாமல் எதை ஒப்புக்கொள்வது, எதை மறுப்பது என்று முடிவு செய்ய முடியாது.

மீட்டரே வேகமாக ஓடுகிறது என்று சந்தேகம் இருந்தால், எல்லா சுவிட்சையும் அணைத்து, மெயினை மட்டும் போட்டுவிட்டு மீட்டரில் விளக்கு துடிக்கிறதா என்று பாருங்கள். துடித்தால் மெயினையும் அணைத்துப் பாருங்கள். மெயினை அணைத்தபின் நின்றால் உங்கள் வயரிங்கில்தான் கசிவு, அதற்கு எலக்ட்ரீசியன் வேண்டும். மெயினை அணைத்தும் துடித்தால் மீட்டரைச் சோதிக்க எழுதிக் கொடுத்து, அதற்கான கட்டணத்தைக் கட்டுங்கள்.

5. தொகை சரி, கையில் பணம் இல்லை என்றால்

தவணை உங்கள் உரிமை அல்ல, அதிகாரி தரும் அனுமதி. அதனால் மனு எப்படி எழுதப்படுகிறது என்பது முக்கியம். "வறுமையில் வாடுகிறோம்" என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட, இன்று எவ்வளவு, எந்தத் தேதியில் எவ்வளவு என்று நாலு வரி எழுதினால் அதிகாரி கையெழுத்துப் போடுவது எளிது. கீழே உள்ளது போதும்:

"பெறுநர்: உதவிப் பொறியாளர் அவர்கள், (பிரிவு அலுவலகத்தின் பெயர்).
பொருள்: மின் இணைப்பு எண் ______, நிலுவையைத் தவணையில் செலுத்த அனுமதி கோருதல்.
ஐயா, மேற்கண்ட இணைப்பில் ரூ. ______ நிலுவை உள்ளது. கடைசி நாள் ______. இன்று ரூ. ______ செலுத்தத் தயாராக உள்ளேன். மீதியை ______ ஆம் தேதி ரூ. ______, ______ ஆம் தேதி ரூ. ______ எனச் செலுத்துகிறேன். அதுவரை இணைப்பைத் துண்டிக்காமல் இருக்கக் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: கடந்த ஓராண்டு பில் விவரம்."

இரண்டு படி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு போலத்தான். அதிகாரி களத்துக்குக் கிளம்பும் முன், காலையிலேயே போனால்தான் ஆளைப் பார்க்க முடியும். தொகை பெரிதென்றால் அவர் உதவி செயற்பொறியாளருக்கோ செயற்பொறியாளருக்கோ அனுப்புவார். அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நீங்களே அங்கே போய்ப் பாருங்கள்.

முதல் தவணைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொண்டுபோங்கள். வெறும் கையோடு போய்க் கேட்பதற்கும், மூன்றில் ஒரு பங்கோடு போய்க் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம். அனுமதி கணினியில் பதிவான பிறகு கவுன்ட்டரில் கட்டுங்கள். பதிவு ஆகாமல் பகுதித் தொகையைச் செயலி வழியாகக் கட்ட வழி தேடாதீர்கள். தாமதக் கட்டணம் தவணைக் காலத்திலும் ஓடும். அடுத்த நடப்பு பில்லையும் சேர்த்தே கட்ட வேண்டும், பெரும்பாலான தவணைகள் முறிவது அங்கேதான். நீங்கள் எழுதித் தரும் தேதிகள் சம்பள நாளுக்கு அடுத்த நாளாக இருக்கட்டும். சனிக்கிழமை வாரச் சம்பளம் என்றால் திங்கட்கிழமை போடுங்கள்.

6. தொகை தப்பு என்றால்

கட்டாமல் இருந்துகொண்டு சண்டை போடக் கூடாது. 56ஆம் பிரிவில் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. தகராறு முடியும்வரை, கேட்கப்பட்ட தொகை, அல்லது முந்தைய ஆறு மாதத்தில் கட்டிய கட்டணத்தின் சராசரிப்படி வரும் தொகை, இவற்றில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

கணக்கு எளிது. கடந்த மூன்று பில் 900, 840, 960 என்று வையுங்கள். ஆறு மாதத்துக்கு 2,700, மாதத்துக்கு 450. இப்போது இரண்டு மாத பில் 9,400 என்று வந்திருந்தால், ஆட்சேபத்துடன் கட்ட வேண்டியது 900 ரூபாய்.

செய்யும் வரிசை: முதலில் பில் ஏன் தப்பு என்ற மனு. அதிலேயே "மின்சாரச் சட்டம் 2003, 56(1)இன்படி ஆட்சேபத்துடன் ரூ. 900 செலுத்துகிறேன்" என்ற வரி. பிறகு முத்திரை. அதற்குப் பிறகு பணம். பணத்தை முதலில் கட்டிவிட்டுப் பிறகு மனு கொடுத்தால், அது பாக்கியில் ஒரு பகுதியாகக் கணக்கில் போய்விடும். கவுன்ட்டரில் வாங்க மறுத்தால் மனுவோடு டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

7. பீஸ் பிடுங்கிய பிறகு

நீங்களாகவே பீஸைத் திரும்பப் பொருத்தாதீர்கள். பீஸ் கட்டையைச் செருகுவது சின்ன வேலையாகத் தெரியும். துண்டித்த இணைப்பை அனுமதியின்றித் திரும்ப இணைப்பது 138ஆம் பிரிவின்படி குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 800 ரூபாய் பாக்கி கிரிமினல் வழக்காக மாறும் இடம் இது. பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுப்பதும் வேண்டாம், உங்களுக்கு உதவியவருக்கும் சேர்த்துச் சிக்கல் வரும்.

பாக்கி, தாமதக் கட்டணம், மறு இணைப்புக் கட்டணம் மூன்றையும் கட்டுங்கள். மறு இணைப்புக் கட்டணத்தை விட்டுவிட்டு, "பணம் கட்டியும் கரண்ட் வரவில்லை" என்று காத்திருப்பவர்கள் ஏராளம். ரசீதைப் பிரிவு அலுவலகத்தில் காட்டி, பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆன்லைனில் கட்டினால் களத்தில் இருப்பவருக்கு உடனே தெரியாது.

பணம் கணக்கிலிருந்து போய், ரசீது வராமல் நின்றால் உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். வங்கியின் பரிவர்த்தனை எண்ணோடு மின்னகத்தில் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணை உதவிப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

நெடுநாள் அப்படியே விட்டால் ஒப்பந்தம் முடித்து, மீட்டரைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். பிறகு பழைய பாக்கியையும் கட்டி, புது இணைப்புக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

8. கீழே நடக்கவில்லை என்றால்

ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் மேற்பார்வைப் பொறியாளர் கோட்டவாரியாகக் குறைதீர் கூட்டம் நடத்துவார், தேதி செய்தித்தாளில் வரும். தவணை, ரீடிங் திருத்தம் போன்றவற்றுக்கு இதுவே வேகமான இடம். முடிவெடுப்பவரும் கணக்கு வைத்திருப்பவரும் ஒரே மேசையில் இருப்பார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுவும் கடைசியில் இதே மேசைக்குத்தான் வரும்.

அங்கும் தீராவிட்டால் வட்டத்தின் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். முத்திரை வாங்கிய மனுக்கள் இங்கேதான் பயன்படும். மன்ற உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் சென்னையில் உள்ள மின்குறை தீர்ப்பாளரிடம் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

9. பழைய பாக்கி, முன்பு குடியிருந்தவர் பாக்கி, லைன் வீடு

56(2)இன்படி, முதலில் கட்ட வேண்டியதான நாளிலிருந்து இரண்டு ஆண்டு கடந்த தொகையை, தொடர்ந்து நிலுவை என்று பில்லில் காட்டியிருந்தால் மட்டுமே கேட்க முடியும். பழைய குறைவசூல் என்று வந்தால், பில்களை வரிசையாக அடுக்கி, அது எப்போது முதலில் காட்டப்பட்டது என்று பாருங்கள். வாரியம் வேறு சட்ட வழியில் வசூலிக்க முயலலாம் என்பதால் கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள், பதில் எழுதுங்கள்.

வீடோ குடோனோ வாங்கும்போது, முந்தையவர் பாக்கி உங்களைத் தொடரும். விதிகள் இடம் தந்தால், பழைய பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று மின் நிறுவனம் சொல்லலாம் என 2023இல் உச்ச நீதிமன்றம் கே.சி. நினான் வழக்கில் சொல்லிவிட்டது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் மின் இணைப்பு எண்ணை வாங்கிப் பாக்கியைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. திருப்பூரில் வேலைக்கு வந்து அவசரத்தில் வீடு பிடிப்பவர்கள் இதைத்தான் விடுகிறார்கள்.

லைன் வீட்டில் (வரிசையாக ஒட்டியிருக்கும் வாடகை வீடுகளில்) ஒரே மீட்டர், வீட்டுக்கு வீடு சப் மீட்டர் என்றால், வாரியத்துக்குக் கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். நீங்கள் மாதாமாதம் கொடுத்தும் அவர் கட்டாமல் விட்டால் எல்லா வீடும் இருட்டாகும். கொடுக்கும் பணத்தை யுபிஐயில் "கரண்ட் பில்" என்று எழுதி அனுப்புங்கள், கையில் கொடுத்தால் நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். வாடகைத் தகராறுக்காக வீட்டுக்காரரே கரண்டை நிறுத்தினால், தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

10. தறி, நிட்டிங், சிறு பட்டறை

விசைத்தறிக்கு இரு மாதத்துக்கு 1,000 யூனிட், கைத்தறிக்கு 300 யூனிட் இலவசம், இரண்டும் 2023இல் உயர்த்தப்பட்டவை. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், சென்னிமலை பக்கம் பாக்கி என்று வந்தால், இந்த யூனிட் பில்லில் கழிந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. தறிக்கூடத்தின் இணைப்பு பொதுத் தொழில் வகையில் போயிருந்தால் சலுகை வராது, வகை மாற்றம் கேட்டு எழுத வேண்டும். ஒரே வளாகத்தில் தறியோடு வேறு மெஷினும் சேர்த்து ஓட்டினால் ஆய்வில் தறிக் கட்டணமே கேள்விக்குள்ளாகும். அதற்குத் தனி இணைப்பு வாங்குங்கள்.

ஆர்டர் இல்லாமல் பட்டறையை மூடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு யூனிட் ஓடாமலேயே பாக்கி ஏறும். தொழில் இணைப்பில் நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்கில், ஓடினாலும் ஓடாவிட்டாலும் விழும். ஆறு மாதம் மூடிவிட்டுத் திறக்க வரும்போதுதான் தொகை தெரிகிறது. மூன்று மாதத்துக்கு மேல் ஓட்ட மாட்டோம் என்று தெரிந்தவுடன் மின்பளுவை (இணைப்புக்கு அனுமதித்த கிலோவாட்டை) குறைக்க விண்ணப்பியுங்கள். குறைத்த தேதியிலிருந்துதான் கட்டணம் இறங்கும், பின்தேதியிட்டுக் குறைக்க மாட்டார்கள். திரும்ப உயர்த்தும்போது வைப்புத்தொகையும் வளர்ச்சிக் கட்டணமும் கட்ட வேண்டிவரும் என்பதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். இரண்டு மாத ஓய்வுக்காகப் பளு குறைத்தால் நட்டம்தான், ஒரு வருட ஓய்வென்றால் மிச்சமாகும்.